கீழே தண்ணீர், மேலே தகரம்: புயலுக்கு முன் கிளம்புவதா, இருப்பதா?

கேள்வி: மும்பை சீட்டா கேம்பில் குடியிருக்கிறோம். கீழே ஓர் அறை, மேலே இரும்பு ஏணி வைத்த மாடி, அதற்குத் தகரக் கூரை. கழிமுகத்திலிருந்து மூன்றாவது சந்து. பெருமழையும் கடல் ஏற்றமும் சேர்ந்து வந்தால் சந்தில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர் நிற்கும். மாமியாருக்கு 74 வயது. நுரையீரல் அடைப்பு நோய். ராத்திரி முழுக்க இரண்டு லிட்டர் அளவில் ஆக்ஸிஜன் மிஷின் ஓட வேண்டும். 2020, 2021 இரண்டு புயலுக்கும் வீட்டிலேயே இருந்தோம். இரண்டு தகரம் பறந்ததோடு சரி. "இனியும் ஒன்றும் ஆகாது" என்கிறார் என் கணவர். "வார்னிங் வந்ததும் திருநெல்வேலிக்கு ரயில் ஏறிவிடுங்கள்" என்கிறார் கொழுந்தனார். நாத்தனார் முலுண்டில் மூன்றாவது மாடியில் இருக்கிறார். மாமியார் அங்கே போக மாட்டேன் என்கிறார். வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் திருட்டு பயம் வேறு. எப்போது கிளம்புவது, எப்போது இருப்பது என்று எப்படி முடிவு செய்வது?

— ஒரு வாசகி, மும்பை

பதில்: முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன். மும்பைக்குப் புயல் எச்சரிக்கை வந்தால் உங்கள் வீட்டில் யாரும் இருக்கக் கூடாது. ஆனால் போக வேண்டிய இடம் திருநெல்வேலி இல்லை, முலுண்ட். மாமியார் முதல் ஆளாகப் போக வேண்டும், அதுவும் பகல் வெளிச்சத்தில்.

வெள்ளம் வந்தால் மேலே ஏறு, சூறைக்காற்று அடித்தால் கீழே இறங்கு என்பதுதான் பொது விதி. உங்கள் வீட்டில் இரண்டுமே உதவாது. கீழே தண்ணீர் புகும்போது குடும்பமே மாடிக்கு ஏறும். அதே நேரத்தில் அந்த மாடியின் கூரையைத்தான் காற்று பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும். மழைக்கால வெள்ளத்தில் உங்களைக் காப்பாற்றிய மாடி புயலன்று காப்பாற்றாது.

தகரத்தின் கணக்கைக் கொஞ்சம் பாருங்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகும். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 30 கிலோ. 120 கிலோமீட்டரில் சுமார் 68 கிலோ. பத்தடி நீளத் தகரம் ஒன்று ஏறக்குறைய மூன்று சதுர மீட்டர் என்று வையுங்கள். 120-ல் அதன் மேல் 200 கிலோ விசை, அதுவும் பெரும்பாலும் மேல்நோக்கி. தகரத்தின் சொந்த எடை பத்து கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். கூரையின் ஓரத்திலும் மூலையிலும் இழுவிசை இன்னும் கூடுதல். அதனால்தான் எப்போதும் ஓரத் தகரம் முதலில் கிளம்புகிறது. காற்று வரும் பக்கத்துக் கதவோ ஜன்னலோ திறந்துகொண்டால் உள்ளே புகும் காற்றும் சேர்ந்து கூரையைக் கீழிருந்து தள்ளும். "ஜன்னலைத் திறந்துவைத்தால் அழுத்தம் சமமாகிவிடும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

கூரை மேல் செங்கல், டயர், மணல் மூட்டை ஏற்றுவதைச் சந்துக்குச் சந்து பார்க்கலாம். சாதாரண மழைக்காற்றுக்கு அது தாங்கும். புயலில் தகரம் கிளம்பும்போது மேலே இருக்கும் செங்கலும் சேர்ந்து கிளம்பி எதிர்வீட்டில் போய் விழும். செய்ய வேண்டிய வேலை ஏப்ரலிலேயே செய்ய வேண்டியது: தகரத்தைப் பிடித்திருக்கும், துருப்பிடித்த ஜே போல்ட்டுகளை (கொக்கி போல வளைந்த போல்ட்டுகளை) வாஷரோடு மாற்றுவது, ஓர வரிசையில் போல்ட்டுகளை நெருக்கமாகப் போடுவது, கட்டைகளைச் சுவரோடு இரும்புப் பட்டையால் பிடிப்பது. எச்சரிக்கை வந்த பிறகு யாரும் கூரை மேல் ஏற வேண்டாம்.

இனி உங்கள் கணவர் சொல்வதற்கு வருகிறேன். அவர் பார்த்த இரண்டு புயல்களின் மையமும் மும்பை மேல் வரவே இல்லை. 2020 ஜூன் 3-ஆம் தேதி நிசர்கா புயல் மும்பைக்குத் தெற்கே ராய்கட் மாவட்டத்தில் கரையேறி வடகிழக்காகப் போனது. 2021 மே 17-ஆம் தேதி டவ்தே புயல் கடலுக்குள்ளேயே, நகரத்திலிருந்து நூறு கிலோமீட்டருக்கும் அப்பால் வடக்கே நகர்ந்து, அன்று இரவு குஜராத்தில் டையூ பக்கம் கரையேறியது. அவ்வளவு தள்ளிப் போனதற்கே கொலாபாவில் காற்று மணிக்கு 114 கிலோமீட்டரைத் தொட்டது. விமான நிலையம் மணிக்கணக்கில் மூடிக் கிடந்தது. உங்கள் வீட்டில் இரண்டு தகரம் போனது அந்தத் தூரத்தில். அதை வைத்துக் கூரை தாங்கும் என்று முடிவு கட்ட முடியாது.

நம் பக்கத்துப் புயல்கள் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்பவை. அது நகரும் திசையைப் பார்த்து நின்றால் வலது கைப் பக்கத்தில்தான் காற்றும் கடல் எழுச்சியும், அதாவது புயல் கரைக்குத் தள்ளி ஏற்றும் கடல் தண்ணீரும், அதிகம். நிசர்காவுக்கு மும்பை இடது பக்கம் இருந்தது. அதே புயல் நமக்கு வடக்கே, வசை - பால்கர் பக்கம் கரையேறியிருந்தால் நாம் வலது பக்கம் மாட்டியிருப்போம். காற்று கடலிலிருந்து கரைக்கு அடித்திருக்கும். தெற்கிலிருந்து அடிக்கும் காற்று துறைமுகத் தண்ணீரை, தானே நகரத்தின் பெயர் கொண்ட கழிமுகத்துக்குள் தள்ளி ஏற்றும். உங்கள் சந்து அந்தக் கரையில்தான் இருக்கிறது. ஆகவே "தெற்கே கரையேறும்" என்ற செய்தி ஐம்பது கிலோமீட்டர் மாறி "வடக்கே" என்று ஆனால், அதைச் சின்ன மாற்றமாக நினைக்காதீர்கள்.

கடல் ஏற்றத்தைப் படிப்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. ஏற்ற நேரமும் உயரமும் சொல்லும் அட்டவணையில் 4.5 மீட்டர் என்றிருந்தால் உங்கள் சந்தில் 4.5 மீட்டர் தண்ணீர் என்று பொருள் இல்லை. அது கடலில் குறித்துவைத்த ஓர் அடிமட்டத்திலிருந்து எடுக்கும் அளவு. ஆனால் புயல் அறிவிப்பில் "வழக்கமான ஏற்றத்துக்கு மேல் ஒரு மீட்டர்" என்று வந்தால் அதை இந்த 4.5 மேல் கூட்டிக்கொள்ள வேண்டும். அலை அதற்கும் மேலே. ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் நடுவே சுமார் பன்னிரண்டரை மணி நேரம். ஏற்றம் நிற்கும் மணியில் நாலாவின், அதாவது பெரிய வடிகால் கால்வாயின், தண்ணீர் கடலில் இறங்காது. மழை பெய்த தண்ணீர் அத்தனையும் சந்திலேயே நிற்கும். கரையேறும் நேரத்தையும் ஏற்ற நேரத்தையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். இரண்டும் மூன்று மணி நேரத்துக்குள் வந்தால் அது மோசமான சேர்க்கை. 2005 ஜூலை 26-ஆம் தேதி சாந்தாகுரூஸில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் பெய்ததே, அன்றைக்கு உங்கள் சந்தில் தண்ணீர் எதுவரை ஏறியது என்று பழைய ஆட்களிடம் கேட்டுச் சுவரில் ஒரு கோடு போட்டுவைத்தால், எந்த வரைபடத்தையும்விட அது உதவும்.

எப்போது கிளம்புவது? வானிலை ஆய்வுத் துறை கரையோரத்துக்குப் படிப்படியாகச் சொல்லும். மோசமான வானிலை தொடங்குவதற்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பு மஞ்சள் நிறத்தில் புயல் முன்னெச்சரிக்கை. 24 மணி நேரம் முன்பு ஆரஞ்சு நிறத்தில் புயல் எச்சரிக்கை. கரையேறுவதற்குச் சுமார் 12 மணி நேரம் முன்பிருந்து சிவப்பு. மழைக்கு வரும் மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு வேறு கணக்கு. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். காற்றைப் பற்றி இரண்டு எண்கள் சொல்வார்கள்: நிலையாக வீசுவது ஒன்று, இடையிடையே எகிறுவது ஒன்று. தகரத்தைத் தூக்குவது இரண்டாவது எண். அதைத்தான் பார்க்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்கு நான் வைக்கும் கோடு இது. மும்பை, தானே, பால்கர், ராய்கட் இவற்றில் எதற்காவது மஞ்சள் வந்தவுடன் மாமியாருக்கான ஏற்பாடு தொடங்க வேண்டும், மறுநாள் பகலில் அவர் முலுண்டில் இருக்க வேண்டும். ஆரஞ்சு வந்து, எகிறும் வேகம் 80 அல்லது அதற்கு மேல் என்றால் எல்லோரும் கிளம்ப வேண்டும். கடல் எழுச்சி என்று ஒரு வரி வந்தாலும் அப்படியே, காற்று எவ்வளவாக இருந்தாலும் சரி. கடைசி மணியைக் கரையேறும் நேரத்திலிருந்து எண்ணாதீர்கள். பலத்த காற்று அதற்குப் பல மணி நேரம் முன்பே தொடங்கிவிடும். மரம் விழும், லோக்கல் ரயில் நின்றுவிடும், ஆட்டோக்காரர் வர மாட்டார். கரையேறும் நேரத்திலிருந்து 12 மணி நேரம் முன்னதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது இரவில் விழுந்தால் அதற்கு முந்தைய மாலை நான்கு மணிதான் உங்கள் கெடு. காவல்துறையோ மாநகராட்சியோ ஒலிபெருக்கியில் கிளம்பச் சொன்னால் இந்தக் கணக்கையெல்லாம் விட்டுவிட்டு உடனே கிளம்புங்கள்.

ஆக்ஸிஜன் விஷயத்தில்தான் நிறைய பேர் தடுமாறுகிறார்கள். மழையும் வெள்ளமும் எட்டாத இடத்திலும் மின்சாரம் போகும். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் வரை தரக்கூடிய மிஷின் சுமார் 350 வாட் இழுக்கும். 150 ஆம்பியர் பேட்டரி போட்ட வீட்டு இன்வர்ட்டர் அதை மூன்று, மூன்றரை மணி நேரம் தாங்கினால் அதிகம். ஃபேனும் லைட்டும் அதிலேயே ஓடினால் இன்னும் குறையும். ஆகவே சிலிண்டர் வேண்டும். 10 லிட்டர் கொள்ளளவுள்ள பி டைப் சிலிண்டரில் நிரம்பிய நிலையில் ஏறக்குறைய 1,500 லிட்டர் ஆக்ஸிஜன் இருக்கும். நிமிடத்துக்கு இரண்டு லிட்டர் என்றால் 12 மணி நேரம். மீட்டரில் முள் 150-ல் இருந்தால் முழுசு, 75-ல் இருந்தால் ஆறு மணி நேரம். முள் 20-க்கு இறங்கும்போதே மாற்றிவிடுங்கள். இரண்டு சிலிண்டர் இருந்தால் முழுசாக ஒரு நாள் கையில் இருக்கிறது. மஞ்சள் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பிவிட வேண்டும், மறுநாள் கடையில் வரிசை நிற்கும். ரெகுலேட்டர், சாவி, ஆக்ஸிஜனை ஈரப்படுத்தும் தண்ணீர் பாட்டில், மூக்குக் குழாய் இரண்டு செட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். சிலிண்டர் வந்திருக்கும், சாவி பழைய வீட்டில் இருக்கும் என்பது அடிக்கடி நடக்கும் கூத்து. வண்டியில் சிலிண்டர் உருளாதபடி கட்ட வேண்டும், அதே வண்டியில் யாரும் பீடி பற்றவைக்கக் கூடாது. மூச்சு முட்டுகிறது என்று பயந்து நீங்களாக இரண்டை நான்காக்காதீர்கள். இந்த நோய்க்காரர்களுக்கு ஆக்ஸிஜன் அளவு மீறினால் ரத்தத்தில் கரியமில வாயு சேர்ந்து மயக்கம் வரும். நெபுலைசரும் கரண்டில்தான் ஓடும், எனவே ஸ்பேசரோடு (இன்ஹேலரில் மாட்டும் குழாயோடு) இன்ஹேலர் எழுதித் தரும்படி டாக்டரிடம் இப்போதே கேட்டு வையுங்கள். மாத்திரைகள் ஏழு நாளைக்கு.

மாநகராட்சிப் பள்ளிக்கூடத்தில் தங்க வைத்தால் போதாதா என்று கேட்கலாம். உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் போதும், முலுண்ட் போக முடியாமல் போனால் தயங்காமல் அங்கே போங்கள். எந்தப் பள்ளி என்பதை மாநகராட்சியின் 1916 என்ற உதவி எண்ணில் கேட்கலாம். மாமியாருக்கு மட்டும் அது கடைசி வழி. அங்கே பிளக் கிடைக்குமா, ஜெனரேட்டர் உண்டா என்று உறுதி இல்லை. வீட்டில் மாட்டிக்கொண்டு மூச்சுத் திணறினால் 108.

கொழுந்தனார் யோசனையில் பாசம் இருக்கிறது, ஆனால் ஒன்றரை நாள் ரயில் பயணம் இது. பெட்டியில் இருக்கும் செல்போன் சார்ஜ் பிளக் அந்த மிஷினைத் தாங்காது. புயல் நேரத்தில் வண்டி நடுவழியில் நின்றால் எந்த ஊரில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. புயலுக்குத் தப்ப ஆயிரம் கிலோமீட்டர் ஓட வேண்டியதில்லை. கடலோரத்தை விட்டு, தண்ணீர் நிற்காத இடத்தில், உறுதியான கான்கிரீட் கட்டடத்தின் இரண்டாவது அல்லது மூன்றாவது மாடி கிடைத்தால் போதும். நாத்தனார் கட்டடம் பழையது என்றால் ஒன்று மட்டும் விசாரியுங்கள்: மாநகராட்சியின் அபாயகரக் கட்டடப் பட்டியலில், அதாவது சி1 வகையில், அது இருக்கிறதா? இருந்தால் வேறு இடம் பாருங்கள். லிஃப்ட் நின்றால் மாமியாரை எப்படி ஏற்றுவது என்பதையும் யோசியுங்கள். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலியில் வேண்டாம், கால் விரிந்துவிடும். நல்ல மர நாற்காலியில் உட்காரவைத்து முன்னால் ஒருவர் பின்னால் ஒருவர் பிடித்து, ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்து ஏற்றலாம். கரண்ட் போவதற்கு முன்பே போய்விட்டால் இந்தப் பாடே இல்லை.

மாமியார் மறுப்பதற்குப் புயலைப் பற்றிய துணிச்சல் காரணமாக இருக்காது என்பது என் ஊகம். கட்டிக்கொடுத்த மகள் வீட்டில் போய்ப் படுப்பதா, சம்பந்தி வீட்டார் என்ன நினைப்பார்கள் என்ற கூச்சம் ஒன்று. ராத்திரி கழிவறைக்கு யாரை எழுப்புவது என்ற கவலை இன்னொன்று, இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். முதலாவதற்கு நாத்தனார் கூப்பிட்டால் போதாது, அவருடைய கணவரே போன் செய்து "அத்தை, நானே வந்து கூட்டிப் போகிறேன்" என்று சொல்ல வேண்டும். இரண்டாவதற்குப் படுக்கை பக்கத்தில் கமோடு நாற்காலி ஒன்று போட்டுவிட்டு, அது இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். "வருகிறீர்களா?" என்று கேட்காதீர்கள். "நாளைக்குக் காலையில் பத்து மணிக்கு வண்டி வருகிறது" என்று சொல்லுங்கள். வானம் வெளுத்திருக்கும்போதே ஒருமுறை இரண்டு நாள் அங்கே தங்கவைத்துப் பார்த்தால் இன்னும் நல்லது.

திருட்டு பயம் வெறும் சாக்கு இல்லை, எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வீட்டில் டிவியைவிட விலை உயர்ந்த பொருள் ஒன்று இருக்கிறது: காகிதங்கள். போட்டோபாஸ் (குடிசைவாசி அடையாள அட்டை), பழைய மின்சார பில், வாக்காளர் பட்டியல் நகல், ரேஷன் கார்டு. குடிசை மாற்றுத் திட்டத்தில் இலவச வீட்டுக்கு 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்தே குடியிருப்பதைக் காட்ட வேண்டும். அந்தக் காகிதம் நனைந்து கூழானால் நஷ்டம் ஒரு தலைமுறைக்கு. இரட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு உடம்போடு எடுத்துப் போங்கள், போட்டோ எடுத்து ஊரில் ஒருவருக்கும் அனுப்பிவையுங்கள். இரண்டு நாள் வீட்டைப் பூட்டிப் போனதால் உங்கள் உரிமை போகாது.

துணி, அரிசி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் மூடி இறுகும் நீல டிரம்மில் போட்டு ஏணிக்காலோடு கட்டுங்கள். டிவி மாடிக்கு வேண்டாம், கூரை போனால் மழை அங்கேதான் கொட்டும். கீழறையின் பரண்தான் அதற்கு இடம். கேஸ் சிலிண்டரின் ரெகுலேட்டரைக் கழற்றி மூடி போட்டுச் சுவரோடு கட்ட வேண்டும். காலி சிலிண்டர் மட்டும் மிதக்கும் என்று நினைக்காதீர்கள், நிரம்பியதும் மிதக்கும், மிதந்து கதவை உள்ளிருந்து முட்டி அடைக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டுப் பூட்டுங்கள். மாடியில் தண்ணீர்த் தொட்டி இருந்தால் நிரப்பி வையுங்கள், காலித் தொட்டி பறக்கும். கணவர் காவலுக்கு இருக்கிறேன் என்றால், பகலில் இருந்து இந்த வேலையை முடித்துவிட்டு அந்த நான்கு மணிக் கெடுவுக்குக் கிளம்பட்டும். சந்தில் தனியாக ஓர் ஆள் இருப்பது திருடனைத் தடுப்பதைவிட, அவரைத் தேடி இன்னொருவர் தண்ணீரில் இறங்குவதில்தான் முடியும்.

செம்பூரிலும் மாட்டுங்காவிலும் கான்கிரீட் கட்டடத்தில் இரண்டாவது மாடிக்கு மேல் இருப்பவர்கள், கட்டடம் சி1 பட்டியலில் இல்லையென்றால், இடத்தை விட்டு நகர வேண்டியதில்லை. ஜன்னல் கண்ணாடியில் டேப் ஒட்டுவதால் பயன் இல்லை. பூந்தொட்டியை உள்ளே எடுங்கள், வண்டியை மரத்தடியிலிருந்து நகர்த்துங்கள். பம்ப் நின்றால் தண்ணீர் ஏறாது, ஆகவே ஆளுக்கு நாளொன்றுக்கு மூன்று நான்கு லிட்டர் குடிநீர் என்று மூன்று நாளைக்குப் பிடித்து வையுங்கள். மின்சார மிஷினை நம்பி உயிர் வாழ்பவர் வீட்டில் இருந்தால் மேலே சொன்ன சிலிண்டர் கணக்கு உங்களுக்கும் பொருந்தும்.

திரும்பி வரும் நாளில் அவசரம் வேண்டாம். காற்று ஓய்ந்தது போலத் தோன்றினாலும் எச்சரிக்கையை விலக்கும்வரை முலுண்டிலேயே இருங்கள். புயலின் மையம் மேலே வந்தால் நடுவில் சிறிது நேரம் அமைதியாக இருக்கும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். சந்தில் தண்ணீர் நின்றால் கணவர் மட்டும் முதலில் வரட்டும், கையில் நீளக் கம்போடு. ஒவ்வொரு அடிக்கும் முன்னால் குத்திப் பார்த்து நடக்க வேண்டும். மூடி போன சாக்கடைக் குழியும், அறுந்து விழுந்த கம்பியும் கலங்கிய தண்ணீரில் தெரியாது. மீட்டர் பெட்டி நனைந்திருந்தால் எலக்ட்ரீஷியன் பார்க்காமல் சுவிட்சைத் தொட வேண்டாம். காலில் புண்ணோ வெடிப்போ இருந்து அந்தத் தண்ணீரில் நடந்தவர் 72 மணி நேரத்துக்குள் மாநகராட்சி மருந்தகத்தில் காட்டி எலிக்காய்ச்சல் தடுப்பு மாத்திரை கேட்க வேண்டும். கூரையைச் சரிசெய்து, வீடு காய்ந்து, கரண்ட் ஒரு முழு நாள் விட்டுப் போகாமல் நின்ற பிறகு மாமியாரைக் கூட்டி வாருங்கள். ஈரச் சுவரும் பூஞ்சையும் அவருடைய நுரையீரலுக்கு ஆகாது.